கல் வைத்து அமிழ்த்திய படகு

சாமு,

நீ டீக்கடையில் சொன்னது என் காதுக்கு வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, ஜப்பானுக்குப் போகிறாயாமே என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். "அம்மாவ தனியா வுட்டுட்டு எப்படிணா போறது" என்று நீ சொல்லியிருக்கிறாய். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் உச்சுக் கொட்டியிருக்கிறார்கள். நீ ஒரகடம் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பேச்சு நம் தெருவில் எல்லா வீட்டுக்குள்ளும் போய்விட்டது. மறுநாள் காலையில் நான் தண்ணீர் திறந்துவிடப் போனால், குடத்தோடு நின்ற பெண்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் படுத்த படுக்கையாகிவிட்டேன் என்று நினைத்துவிட்டார்கள் போல. "குடுத்து வச்சவமா நீ" என்றாள் எதிர்த்தெரு செல்வி. எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு அவள் தெருவுக்குத் தண்ணீரே விட்டிருக்கக் கூடாது. விட்டேன், பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டர் வேலையாயிற்றே. நீ தெருவில் வைத்துச் சொன்னதால் நானும் தெருவிலேயே பதில் சொல்லப்போகிறேன். இதை எழுதி முடித்ததும் படம் எடுத்து நம் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன். உனக்குக் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும்.

எல்லோரும் படிக்கப்போவதால் உனக்குத் தெரிந்ததையே ஒரு முறை சொல்லிவிடுகிறேன். நீ வேலை பார்க்கும் கம்பெனி உன்னை மூன்று வருஷத்துக்கு ஜப்பானில் இருக்கும் தன் தொழிற்சாலைக்கு அனுப்புகிறேன் என்கிறது. போகிறேன் அல்லது போகவில்லை என்று திங்கட்கிழமைக்குள் நீ எழுதிக் கொடுக்க வேண்டும். போகவில்லை என்று எழுதப்போகிறாய், காரணம் என்ற இடத்தில் என்னை எழுதப்போகிறாய். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்தை ஏரிக்கரையில் அந்தப் படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்பது பேச்சுக்குத்தான். நாலு வரி எழுதுவதற்குள் எழுந்து போய் அதன் மேல் தண்ணீர் தெளிக்கிறேன், மோட்டார் ரூமை எட்டிப் பார்க்கிறேன், கரையில் ஒரு நடை போய் வருகிறேன், திரும்பி வந்தால் என்ன எழுதினேன் என்று மறந்துபோகிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

படகு வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்தாய், அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தாய், போய்விட்டாய். அது கிடைத்தபோது நீ இல்லை. வெயில் ஏறி ஏரி வற்றியதும் எல்லா வருஷமும் போல வண்டல் மண் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலுவின் ஜேசிபி வாளியில் கருப்பாக ஒரு கட்டை மாட்டியது. பனைமரத்து அடிக்கட்டை என்று நினைத்து இன்னொரு முறை இழுத்திருக்கிறான், முனை ஒடிந்து வந்துவிட்டது. பிறகு சேற்றைத் தள்ளிப் பார்த்தால் கட்டைக்குள் குடைந்திருக்கிறது. ஒரே மரம், ஒட்டில்லை, பலகை இல்லை, ஆள் படுத்தால் இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். உள்ளே நிறையக் கல். ஒவ்வொன்றும் இரண்டு கையாலும் தூக்குகிற அளவுக் கல். ஊரே ஓடி வந்துவிட்டது. சங்கிலி கட்டி டிராக்டரில் இழுத்துக் கரையேற்றி, கன்னியம்மன் கல்லுக்கு முன்னால் வெயிலில் போட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குங்குமம் வைத்துக் கற்பூரம் கொளுத்தியாயிற்று. நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், கும்பிடவில்லை. மஞ்சள் கரைக்கத் தண்ணீர் மட்டும் என் டேங்கிலிருந்துதான் போனது, அதை மறைக்கவில்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு நான் அங்கே நின்றிருந்தேன். டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. கிட்டே போய்ப் பார்த்தால் ஓரத்தில் மயிரிழை அளவுக்கு விரிசல் ஓடிக்கொண்டிருக்கிறது, என் கண் முன்னாலேயே. வேலுதான் பதறினான். முனையை ஒடித்துவிட்டோமே என்று காலையிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. "யக்கா, காயுதுக்கா அது. அத்தி வரதர வெளிய எடுத்தா திருப்பி தண்ணிக்குள்ளயேதான வக்கிறாங்க? இத இன்னாத்துக்கு வெயில்ல போட்டுக்கினு இருக்கோம்? தண்ணிய ஊத்துக்கா" என்றான். காஞ்சிபுரத்தில் பிறந்த யாருக்கும் இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. நான் ஓடிப்போய் ஹோஸ் பைப்பை மாட்டி வால்வைத் திறந்துவிட்டேன். சாயங்காலம் தெருக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. செல்வி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏரிக்கரைக்கே வந்துவிட்டாள்.

"எங்க வூட்ல பாத்திரம் கழுவ தண்ணி இல்ல, இங்க கட்டைக்கு குளியலா?"

"ஒரு நாளு ஒரு கொடம் கம்மியா புடிமா. ஒண்ணியும் ஆயிடாது."

"இது உன் வூட்டு கட்டையா? உன் இஷ்டத்துக்கு தொறந்து வுடற?"

"உன் வூட்டு கட்டைன்னே வச்சிக்கோயேன். காய வுட்டுடுவியா?"

அவள் வெறுங்குடத்தோடு தெருவுக்குத் திரும்பிவிட்டாள். பஞ்சாயத்துத் தலைவர் எங்கெங்கோ போன் பண்ணி, மேலே இருப்பவர்களுக்குத் தகவல் சொல்லி, ஆள் வரும்வரை ஈரமாக வைத்திருக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார். நாள் முழுக்க ஹோஸ் போட்டால் ஊருக்குத் தண்ணீர் இருக்காது. ஈரச் சாக்கு போட்டு மூடலாம் என்று யோசித்தேன். ரேஷன் கடையில் இப்போது எல்லாம் பிளாஸ்டிக் சாக்கு. சணல் சாக்குக்காகப் பிள்ளையார்பாளையம் போனேன். அங்கே பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற ஒரு வீட்டில் கொல்லை முழுக்கப் பழைய சாக்கு, கேட்டவுடன் கட்டிக் கொடுத்தார்கள். ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து, நனைத்து, படகைத் தலையிலிருந்து கால்வரை போர்த்திவிட்டு, வேலையைக் கச்சிதமாக முடித்துவிட்டேன் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். நீ செல்ஃபி எடுத்தாயே, பின்னால் சிவப்புச் சிவப்பாகத் தெரிகிறதே, அதுதான்.

திங்கட்கிழமை சென்னையிலிருந்து யாழினி என்று ஒரு பெண் வந்தாள். பழைய மரங்களையும் படகுகளையும் ஆராய்வதுதான் அவள் வேலை. உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருக்கலாம். சாக்கைத் தூக்கிப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். சாக்கில் இருந்த சாயம் ஈரத்தில் கசிந்து, மரத்தின் ஒரு ஓரம் முழுக்க அரக்கு நிறம் ஏறியிருந்தது. எத்தனையோ காலம் கருப்பாகக் கிடந்த கட்டை, நம் ஊரில் இரண்டு நாள் இருந்ததற்குள் அரக்கு பார்டர் போட்டுக்கொண்டது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "பரவால்லமா. காயாம வச்சிருக்கீங்களே. காஞ்சிருந்தா எனக்கு பாக்கறதுக்கே ஒண்ணும் இருந்திருக்காது" என்றாள். பிறகு வெள்ளைத் துணி வரவழைத்து மாற்றினோம். அந்த நிறம் போகவில்லை. நாளைக்கு இதை எங்கே கொண்டுபோய் வைத்தாலும், யார் வந்து பார்த்தாலும், இது காஞ்சிபுரத்துக்காரர்கள் கை பட்ட படகு என்று தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட உண்டு, யாழினியிடம் சொல்லவில்லை.

அவள் அந்தப் படகைப் பார்க்கிற விதம் எனக்குப் பிடித்திருந்தது. தினமும் பக்கத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு சின்ன டார்ச்சைச் சாய்த்து அடித்துக்கொண்டு, தடம் தடமாகப் பார்ப்பாள். எனக்குச் சும்மா இருக்க வராது, என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். சலிக்காமல் சொல்வாள். உள்பக்கம் முழுக்கக் கரி. முதலில் மரத்துக்குள் நெருப்புப் போட்டு மெதுவாக எரியவிட்டிருக்கிறார்கள், எரியக் கூடாத இடத்தில் ஈர மண்ணைப் பூசிக் காத்திருக்கிறார்கள், கரியானதைச் செதுக்கி எடுத்திருக்கிறார்கள், மறுபடி நெருப்பு. அவசரப்பட்டால் அடி ஓட்டையாகிவிடும். செதுக்கின தடங்கள் ஒரு பக்கம் ஒரு சாய்வாகவும் எதிர்ப்பக்கம் வேறு சாய்வாகவும் இருந்தன. இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து செய்திருக்கலாம், அதில் ஒருவர் இடதுகைக்காரராக இருக்கலாம் என்றாள். என் மகனும் இடதுகைதான் என்றேன். அவள் சிரித்தாள். அடிப்பக்கம் ஒரு முனையில் மட்டும் தேய்ந்திருந்தது. ஒரே கரையில் திரும்பத் திரும்ப இழுத்து ஏற்றியதால் வந்த தேய்மானம். அப்படியென்றால் அவர்களுக்கு என்று ஒரு துறை இருந்திருக்கிறது, சாயங்காலம் வந்து சேர ஒரு இடம் இருந்திருக்கிறது. நடுவில் இரண்டு குழி மாதிரி வழுவழுப்பாக இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். முழங்கால் பட்டுத் தேய்ந்த இடமாம். நான் விரலை வைத்துப் பார்த்தேன். யாரோ ஒருவர் நாளெல்லாம் மண்டியிட்டுத் துடுப்புப் போட்டிருக்கிறார். என் முழங்கால் வலிக்கிற மாதிரி இருந்தது.

அவள் காட்டியதில் இரண்டு விஷயம் என் மனதை விட்டுப் போகவில்லை. ஒன்று, ஓரத்தில் ஒரு உடைப்பு, அதில் வேறு மரத்துண்டை அளவாக வெட்டி வைத்து, முளை அடித்து, பிசின் பூசி அடைத்திருந்தது. ஓட்டையாகிவிட்டது என்று தூக்கிப் போடவில்லை. இன்னொன்று, உள்ளே ஒரு இடத்தில் கை அகலத்துக்குச் சுட்ட களிமண். படகில் எதற்கு அடுப்பு என்று கேட்டேன். சமைத்திருக்கலாம், இல்லையென்றால் நெருப்பை அணையாமல் எடுத்துக்கொண்டு போவதற்காக இருக்கலாம் என்றாள். ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குப் போகும்போது தணலை மண்மேல் வைத்து எடுத்துப் போய், அங்கே இறங்கியதும் கல் கூட்டி அடுப்பு மூட்டிக்கொள்வார்களாம். அடுப்பை விட்டுவிட்டு நெருப்பை எடுத்துப்போயிருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். அவள் அதை நோட்டில் எழுதவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். எத்தனை வருஷம் பழசு என்று தலைவர் தினமும் கேட்கிறார். ஒரு சின்னத் துண்டை அனுப்பியிருக்கிறோம், பதில் வரட்டும் என்கிறாள். எதைக் கேட்டாலும் "இருக்கலாம்" என்பாள். ஒன்றை மட்டும் கொஞ்சம் உறுதியாகச் சொன்னாள். படகு கிடந்தது ஏரி மண்ணில் இல்லை, அதற்கும் கீழே ஆற்று மணலில். கூரத்துப் பக்கம் அந்தக் கால ராஜாக்கள் ஏரி வெட்டிக் கால்வாய் கொண்டுவந்ததற்கு முன்பே பாலாறோ அதன் கிளையோ இந்தப் பக்கம் ஓடியிருக்கும், பிறகு தடம் மாறித் தள்ளிப் போயிருக்கும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறே இங்கிருந்து எழுந்து போயிருக்கிறது, சாமு.

இப்போது கல்லுக்கு வருகிறேன். பாரம் ஏற்றிக்கொண்டு போகும்போது மூழ்கிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். யாழினி இல்லை என்றாள். கல்லெல்லாம் இரண்டு ஓரமும் சமமாக, பார்த்துப் பார்த்து அடுக்கி வைத்தது. உலகத்தில் பல இடங்களில் இப்படிச் செய்திருக்கிறார்களாம். கோடையில் தண்ணீர் குறைந்து வேறு இடத்துக்குப் போகிறபோது, படகைக் கரையில் விட்டால் வெயிலில் வெடித்துவிடும் என்று, கல் வைத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்திவிட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும் கல்லை எடுத்துவிட்டால் மிதக்கும். அதாவது இதை வைத்தவர்கள் திரும்பி வருவதாக நினைத்துத்தான் போயிருக்கிறார்கள். இதை அவள் சொன்னதும் கரையில் நின்ற அத்தனை பேரும் படகுக்குள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு செல்விதான் ஆரம்பித்தாள்.

"அய்யோ பாவம். வரவே இல்லியா? இன்னா ஆச்சோ."

"வெள்ளம் அடிச்சிக்கினு போயிருக்கும்" என்றான் வேலு.

"அம்மை கிம்மை வந்திருக்கும். அப்பல்லாம் ஊரோட போயிடுவாங்க" என்றாள் ஒருத்தி.

"குழந்தை குட்டியோட போயிருப்பாங்களே" என்று இன்னொருத்தி மூக்கைச் சிந்தினாள்.

நானும் அவர்களோடு சேர்ந்து வருத்தப்பட்டேன். மறுநாள் காலையில் வால்வைத் திருகிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஏன் செத்திருக்க வேண்டும்? வராதவர்கள் எல்லாம் செத்தவர்களா? போன இடத்தில் மீன் நிறையக் கிடைத்திருக்கலாம். ஆறு அந்தப் பக்கம் நகர்ந்து நல்ல நிழலாக ஒரு கரை கிடைத்திருக்கலாம். அங்கே ஒரு பெரிய மரத்தைப் பார்த்து, இன்னொரு படகு செய்துகொள்வோம் என்று அந்த இடதுகைக்காரர் உளியை எடுத்திருக்கலாம். பழைய படகை எப்போதாவது பேச்சில் நினைத்திருப்பார்கள். பிறகு அதுவும் குறைந்திருக்கும். இங்கே நாம் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறோம், அவர்கள் அங்கே வயிறாரச் சாப்பிட்டு ஏப்பம் விட்டிருக்கிறார்கள்.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. உன் அப்பாவைப் பார். செய்யாற்றுப் பக்கம் அவர் ஊரில் மழை பொய்த்த வருஷம் லாரியில் கிளீனராக ஏறினார். ரெண்டு மாசத்தில் வருகிறேன் என்று அவர் அம்மாவிடம் சொல்லிவிட்டு, வேட்டி சட்டை, பாய், தட்டு எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தவர். இங்கே மணல் அள்ள வந்த இடத்தில் லாரிக்குத் தண்ணீர் பிடிக்க எங்கள் தெருக் குழாய்க்கு வந்தார், என்னிடம் திட்டு வாங்கினார், அதற்குப் பிறகு தினமும் அந்த லாரிக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. எங்களுக்குக் கல்யாணமாகி நீ பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் அவர் ஊருக்கு முதல் முறை போனோம். அங்கே ஒரு கிழவர் உன் அப்பாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "நீ இருக்கிறியாடா? போயிட்டன்னு இல்ல சொல்லிக்கினு இருந்தோம்" என்றார். அவர்கள் அங்கே அவரைப் பாவம் பாவம் என்று பேசிக்கொண்டிருந்த அத்தனை நாளும் இந்த மனிதர் இங்கே மத்தி மீன் குழம்பில் கையை விட்டுக்கொண்டு, உன்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, குறட்டை விட்டுக்கொண்டு நன்றாக இருந்தார். திரும்பிப் போகவில்லை என்பதைத் தவிர அவருக்கு ஒரு குறையும் வரவில்லை.

கொஞ்சம் இரு. மோட்டாரை நிறுத்த நேரமாகிவிட்டது, போய் வருகிறேன்.

வந்துவிட்டேன். வழியில் செல்வி தன் பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து படகில் ஊற்றிவிட்டுப் போனாள். இப்போது தினமும் செய்கிறாள், நானும் எதுவும் கேட்பதில்லை. நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ நான்காவதோ ஐந்தாவதோ படிக்கும்போது பாலாற்றில் தண்ணீர் வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஊர் ஊராக வேன் வைத்து வேடிக்கை பார்க்கப் போனார்களே, நாமும் திருமுக்கூடல் போனோம். மூன்று ஆறும் சேர்கிற இடத்தில், கோயிலுக்குக் கீழே, நடுவில் ஒரு மணல் திட்டு. முழங்கால் தண்ணீர்தான், சின்னப் பிள்ளைகள் எல்லாம் கையைக் கோத்துக்கொண்டு கடந்து போய் அங்கே ஆட்டம் போட்டார்கள். உன் அப்பா திட்டில் நின்று வாடா வாடா என்று கூப்பிடுகிறார். நீ என் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். "அம்மாக்கு பயமா இருக்குதுபா. அதான் நான் வரல" என்று கத்தினாய். எனக்கு ஒரு பயமும் இல்லை. நான் ஏற்கெனவே புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். உன் அப்பா சிரித்த சிரிப்பில் கோயில் வாசலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு நான் முன்னால் நடந்தேன், நீ என் பின்னாலேயே வந்தாய், திட்டில் ஏறியதும் உன்னைப் பிடித்துத் திரும்பக் கூட்டிவர முடியவில்லை.

டீக்கடையில் நீ சொன்னதைக் கேட்டபோது எனக்கு அந்த மணல் திட்டுதான் ஞாபகம் வந்தது. பாஷை தெரியாத ஊர், தெரியாத சாப்பாடு, பனி, அறையில் தனியாக ஒருத்தன். பயமாகத்தான் இருக்கும். பயம் என்றால் பயம் என்று சொல், யாரும் உன்னைக் கேலி செய்யப்போவதில்லை, செய்தால் நான் அவர்கள் தெருவுக்குத் தண்ணீரை நிறுத்திவிடுகிறேன். போகப் பிடிக்கவில்லை, இந்த வேலையே பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆனால் அம்மாவுக்காக என்று மட்டும் சொல்லாதே. நான் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறேன், நீ என் புடவையைப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்குப் பயம் என்கிறாய். அன்றைக்கு நான் முன்னால் போய்க் காட்டினேன். இந்த முறை ஜப்பானுக்கு முன்னால் போய்க் காட்ட என்னால் முடியாது, டேங்கை யார் பார்ப்பது?

என்னிடமும் ஒன்று இருக்கிறது, அதையும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். நீ போக வேண்டும் என்று நான் துள்ளிக் குதிக்கவில்லை. நீ இங்கேயே இருக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஞாயிற்றுக்கிழமை உன் செருப்புச் சத்தம் கேட்காவிட்டால் எனக்குச் சர்ச்சில் பாட்டு வராது. அப்பா கண்ணை மூடிய பிறகு வீட்டில் இரண்டு தட்டுதான், அதில் ஒன்று வாரத்துக்கு ஒரு நாள்தான் இறங்குகிறது. இந்த ஆசை எனக்கு இருப்பதால்தான் ஒரு வாரமாக உட்கார முடியாமல் இந்தக் கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். செல்வி என்னைக் கொடுத்து வைத்தவள் என்றபோது கோபம் வந்ததே, அதற்குள்ளே ஒரு மூலையில் சந்தோஷமும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் நான் பயந்துவிட்டேன். அது வளர்ந்தால் உன்னை இங்கேயே பிடித்து வைத்துவிடும்.

இதுவரை எழுதியதை மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தேன், இப்போது ராத்திரி, வீட்டில் வைத்து எழுதுகிறேன். இன்று சாயங்காலம் படகைத் திரும்ப இறக்கிவிட்டார்கள். சென்னையில் அதை ஊறவைக்கப் பெரிய தொட்டி தயாராகும்வரை இங்கேயே ஈர மண்ணில் இருப்பதுதான் அதற்கு நல்லதாம். ஏரியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிற மூலையில் வேலு நிதானமாகப் பள்ளம் எடுத்தான். அன்றைக்கு ஒடித்ததை ஈடுகட்டுகிற மாதிரி வாளியை அவ்வளவு மெதுவாக இறக்கினான். ஒடிந்த முனையையும் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தார்கள். மேலே மண்ணைப் போட்டுத் தண்ணீர் விட்டோம். அரக்கு ஓரம் கடைசியாகத்தான் மறைந்தது. கல்லை எல்லாம் யாழினி தனியாக எடுத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டாள், ஆராய வேண்டுமாம். கல் இல்லாமல் மேலே வந்துவிடாதா என்று கேட்டேன். மண் இருக்கிறது, அதுவே போதும் என்றாள். அவள் கிளம்பியதும் எனக்குக் கை வெறுமையாகிவிட்டது. சும்மா கரையில் நின்றேன்.

அங்கே நின்றபோதுதான் இந்தக் கடிதத்தை எப்படி முடிக்க வேண்டும் என்று தெளிவானது. படகைத்தான் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைப்பார்கள், சாமு. அம்மாவை இல்லை. நீ எங்கே போனாலும் நான் இங்கே காலையில் வால்வைத் திறப்பேன், செல்வியோடு சண்டை போடுவேன், தலைவரிடம் புது மோட்டார் கேட்டுக் கத்துவேன், யாழினி சென்னையில் படகைக் காட்டக் கூப்பிட்டிருக்கிறாள், அதற்கும் போவேன். நான் காய்ந்துபோகாமல் இருக்க நீ ஒன்றும் அடுக்கிவைத்துவிட்டுப் போக வேண்டாம். சீக்கிரம் வந்துவிடுகிறேன் அம்மா என்று என் மேல் ஒரு கல்லை வைக்காதே. மூன்று வருஷம் ஆறாகலாம், அங்கேயே உனக்கு ஒரு கரை பிடித்துப்போகலாம். அப்படி ஆனால் தெருவில் பாவம் பாவம் என்பார்கள். நான் அவர்களுக்கு உன் அப்பா கதையைச் சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வா. சீக்கிரம் வா. மீன் வாங்கி வைக்கிறேன், ஆனால் நான் சமைக்கமாட்டேன், பக்கத்தில் நிற்பேன், நீ குழம்பு வைக்கிறாய். புளி எவ்வளவு, எப்போது இறக்க வேண்டும், எல்லாம் உன் கைக்குத் தெரிந்தாக வேண்டும். ஊறுகாய் பாட்டில், பொடி டப்பா என்று ஒன்றும் கட்டித் தரப்போவதில்லை. அதெல்லாம் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். திங்கட்கிழமை உனக்கு எது சரியோ அதை எழுதிக் கொடு, என் பேர் மட்டும் அதில் இருக்கக் கூடாது.

போவதென்றால், வருகிறேன் என்று சொல்லாமல் போ. என்றைக்காவது வந்தால் கதவைத் தட்டு. நான் வீட்டில் இல்லையென்றால் பயந்துவிடாதே, டேங்குக்குப் போயிருப்பேன். அங்கே வா.

அம்மா